பக்கத்து சீட் – 9: ஒண்ணா, ரெண்டா?

கோபம் வந்தால் சிலருக்குக் குரல் ஏறும். சிலருக்குக் கை நீளும். பிரேக்கம்மாவுக்கு வலது கால் தரையை அழுத்தும்.

இருபத்திரண்டு வருஷமாகக் கற்றுக்குட்டிகளின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர்கள் மறந்துபோன பிரேக்கையெல்லாம் தன் காலால் மிதித்து வந்த பழக்கம் அது. பிரேக்கம்மா என்ற பெயரை வைத்ததும் அந்தக் கற்றுக்குட்டிகள்தான். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவள் கால் படுகிற இடத்தில் மட்டும் தரை மெருகு போய்க் கிடக்கும். அன்று காலை அந்த இடம் படாத பாடு பட்டது.

"பதினோரு மணிக்கு ஷோரூம் போறோம்," என்றார் கணவர், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "ரெண்டு வண்டி சொல்லி வெச்சிருக்கேன். ஒரே கம்பெனி. அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். ஓட்டிப் பாத்துட்டு நீயே முடிவு பண்ணு."

"நானே?"

"நீயேதான். உன் வண்டிதானே?"

மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு? நிதானமா பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பது அவர் தொழில். குரலில் தேன் ஒழுகும். ஆனால் என்ன நம்பர் எழுதப்போகிறோம் என்பதை முன்னறையில் இருக்கிற மெஷின் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கும். வீட்டிலும் அதே கதைதான். திரைச்சீலை வாங்குவதாகட்டும், மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடியதாகட்டும், ஒண்ணா ரெண்டா என்று கேட்பார். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர் மனசிலிருந்த நம்பர் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் காபிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. அப்பா கூப்பிட்டார் என்று லீவு போட்டிருந்தாள். ஏன் லீவு என்று அம்மா கேட்கவில்லை. அம்மா அவளோடு பேசியே ஒரு வாரமாகிறது.

எல்லாம் அந்தத் திங்கட்கிழமை செய்த வேலை.

பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவரின் பெடலோடு கம்பி போட்டுக் கோத்திருப்பார்கள். இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் இறங்கும். பத்து நாளைக்கு முன்னால் அந்தத் திங்கட்கிழமை ஸ்டியரிங்கில் இருந்தவள் பார்லர்காரம்மா. நாலு தெரு தள்ளி முடி வெட்டும் கடை நடத்துகிறவள். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் பயந்துபோய், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். பிரேக்கம்மா தன் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. கடைசி நொடியில் கை பிரேக்கைப் பிடித்து இழுத்ததால் சுவரோடு போயிற்று. பார்லர்காரம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. கத்தரி பிடிக்கிற கை.

ஏன் நிற்கவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. மகள் அம்மாவைத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய் முழங்காலைப் படம் எடுத்தாள். மூட்டு கொஞ்சம் தேய்ந்திருந்தது. "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள் அம்மா. "சத்தியமா மாட்டேன்" என்றாள் மகள். மறுநாளே அப்பா அந்தப் படத்தை நேரில் பார்த்தவர்போலப் பேசினார்.

"மூளை மிதின்னு சொல்லும். தேஞ்ச முட்டி லேட்டாத்தான் கேக்கும். நீ மிதிச்சதா நெனச்சிருப்ப, அவ்வளவுதான். யாருக்கும் நடக்கறதுதானே."

எவ்வளவு அன்பாகச் சொன்னார்! அந்த அன்பில்தான் அவள் நொறுங்கிப் போனாள். அன்று சாயங்காலமே பார்லர்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்று, "என் கால்தான் லேட்டு. தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதிலிருந்து படியிறங்கும்போதெல்லாம் தன் வலது காலை யாரோ எவரோ போலப் பார்க்கிறாள். அடிபட்ட வண்டியை அவள் மறுபடி பார்க்கவேயில்லை. "நான் பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு" என்று கணவரே அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டார்.

பதினாறு பேர் பாதிப் பாடத்தில் நிற்கிறார்கள். புது வண்டி வந்தால் தொடங்கலாம். ஆனால் இந்தக் காலை நம்பித் தொடங்கலாமா? அவளுக்கு விடை வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். வண்டி என்ன நிறம் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

*

ஷோரூமில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே சாம்பல் நிறம், ஒரே மூஞ்சி. ஒன்று இன்னொன்றைவிட ஒரு சாண் நீளம்.

"ரெண்டுக்கும் எஞ்சின் ஒண்ணு மேடம், கியர்பாக்ஸ் ஒண்ணு, அடித்தட்டும் ஒண்ணு. மேல போட்ட சட்டைதான் வேற," என்றார் விற்பனையாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்து டை தொப்பையின் பாதி வழியில் ஓய்ந்துபோயிருந்தது. "சின்ன எஸ்யூவியில இப்ப இந்த ரெண்டுதான் ஓடுது."

"இது ஒண்ணு," என்றார் கணவர் நீளமானதைத் தொட்டு. "அது ரெண்டு. நிதானமா பாரு."

எல்லோரும் வண்டி வாங்கப் போனால் முதலில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காருவார்கள். பிரேக்கம்மா நேரே பக்கத்து சீட்டுக்குப் போனாள். உட்கார்ந்து, காலை நீட்டினாள். பிறகு இறங்கி, பளபளவென்று துடைத்து வைத்த ஷோரூம் தரையில் மண்டி போட்டு, கால்மிதியை உருவி வெளியே போட்டு, அடியில் கையை விட்டுத் துழாவினாள். பலூன் கட்டிய வண்டிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அப்படியே திரும்பிப் பார்த்தது.

"மேடம், எதாவது விழுந்துடுச்சா?"

"இங்க கெட்டியா என்னமோ பெட்டி இருக்கே, என்ன அது?"

"அது வண்டியோட எலக்ட்ரானிக்ஸ் மேடம். அங்க கை வெச்சா வாரண்டி போயிடும்."

"அப்ப ரெண்டாவது பெடல் வைக்க முடியாது."

"வாய்ப்பே இல்ல."

"கை பிரேக் எங்க? நடுவுல காணோமே?"

"லிவர் எல்லாம் பழைய காலம் மேடம். இதுல பட்டன். டிரைவர் கதவுப் பக்கம், கீழ. ஒரு விரல் போதும்."

பிரேக்கம்மா மறுபடி ஏறி உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தாள். உடம்பையே சாய்த்துப் பார்த்தாள். பட்டனுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு முழு ஆள் உட்கார இடம் இருந்தது. அந்த ஆள்தான் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிற ஆள்.

"ஆக இந்த வண்டியில பக்கத்து சீட்ல இருக்கறவங்க மூட்டை. ஏத்தினா ஏறணும், இறக்கினா இறங்கணும்."

"ஏன் அப்படிப் பாக்கற?" என்றார் கணவர் சிரித்துக்கொண்டே. "எவ்வளவு வசதி பாரு. மேல கூரை திறக்குது. சீட் சூடாகுது, முட்டிக்கு இதமா இருக்கும். நீ இனிமே சும்மா உக்காந்துட்டு வரலாம்."

சும்மா. அந்த ஒரு சொல்லில் அவள் கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது.

இரண்டாவது வண்டியில் கூரை திறக்கவில்லை. சீட் சூடாகவில்லை. திருகுகிற குமிழ்கள், மூட்டு தெரிகிற பிளாஸ்டிக். ஆனால் கால்மிதிக்கு அடியில் வெறும் தகடு. நடுவில், அவள் கை தானாகப் போய் விழுகிற இடத்தில், கறுப்பாக ஒரு கை பிரேக் லிவர்.

"சாருக்கு ஒண்ணுதான் பிடிச்சிருந்தது," என்றார் விற்பனையாளர், எதாவது பேசி வைக்கவேண்டுமே என்று. "போன மாசம் வந்தப்பவே சொன்னாரு, வீட்டம்மாவுக்கு இதான் சரிப்படும்னு. அந்தப் பழைய வண்டி…"

"ஒரு காபி கிடைக்குமா இங்க?" என்றார் கணவர் சட்டென்று.

விற்பனையாளர் காபிக்கு ஓடினார். பிரேக்கம்மா இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே கேட்டாள்.

"போன மாசமா?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே எட்டிப் பாத்தேன்."

"சுவத்துல இடிச்சது பத்து நாளைக்கு முன்னாடி. போன மாசம் நான் எந்தச் சுவத்துலயும் இடிக்கலையே?"

"உனக்கும் வயசு அம்பத்தி ரெண்டு ஆகுதில்ல. முன்கூட்டியே யோசிச்சு வெச்சேன். தப்பா?"

"எதை யோசிச்சீங்க? என்னை வீட்ல உக்கார வைக்கவா?"

"இங்க வேணாமே," என்றாள் மகள் தாழ்ந்த குரலில். "எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும்! உங்கப்பா கடையில இருபது வருஷமா எத்தனை பேருக்குப் பார்வை குடுத்திருக்காரு, நல்லாப் பாக்கட்டும்."

ஒரு வாரம் கழித்து மகளிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

*

ஒண்ணாம் நம்பர் வண்டியைக் கணவர் ஓட்டிக் காட்டினார். முப்பதைத் தாண்டவில்லை. சைக்கிளில் வந்த ஒருத்தர் முந்திக்கொண்டு போனார். பிரேக்கம்மா பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு, மூட்டையாகவே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்ததும் இறங்கி, இரண்டாவது வண்டியின் சாவியை வாங்கி மகள் கையில் வைத்தாள்.

"நீ ஓட்டு."

"நானா? நான் ஓட்டி எவ்வளவோ நாளாச்சும்மா."

"அதான் வேணும். உங்கப்பா ஓட்டினா பக்கத்து சீட்டுக்கு வேலையே இல்ல. பயப்படற ஆள் ஓட்டினாத்தான் எனக்கு வண்டி தெரியும்."

பதினெட்டு வயதில் மகள் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டுக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அம்மா பக்கத்தில் இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இன்று மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரக் குற்ற உணர்ச்சி அவளை அந்த சீட்டில் பிடித்துத் தள்ளியது. கணவரும் விற்பனையாளரும் பின்னால் ஏறினார்கள்.

மகளுக்கு நடுக்கம் முதல் திருப்பத்திலேயே வந்தது. வாய் அதைவிட வேகமாக வந்தது.

"இப்பவாவது பேசிடறேன். சொன்னது தப்புதான். சத்தியம் பண்ணிட்டு சொன்னேன், பெரிய தப்பு. ஆனா நீ மட்டும் என்ன பண்ண? வலியோட பத்து மணி நேரம் உக்காருவ, கேட்டா ஒண்ணுமில்லன்னுவ. உன் முட்டியை நான் பாத்தேம்மா. நான் யார்கிட்டதான் சொல்றது?"

"கண்ணாடியைப் பாரு. பின்னால லாரி."

"பாத்தாச்சு! அப்பா உன்னைப் பாத்துக்குவாருன்னு நெனச்சுத்தான் சொன்னேன். உன்னை வேலையை விட்டுத் தூக்கறதுக்கு இல்ல."

"இப்ப அதைத்தான் பண்றாரு. அதுக்கு நீதான் எடுத்துக் குடுத்த."

"நான் எடுத்தது எக்ஸ்ரே! நீயும்தானே சொன்ன, கால் லேட்டுன்னு? நீயே போய் அந்தப் பார்லர்காரம்மாகிட்ட…"

ஒரு குடோன் வாசலிலிருந்து மெத்தை ஏற்றிய வேன் ஒன்று பின்பக்கமாக வந்தது. ஹாரன் இல்லை, ஆள் இல்லை, மெத்தையும் கயிறுமாக ஒரு சுவரே நகர்ந்து வருகிற மாதிரி வந்தது. மகள் அம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது.

டம்மென்று ஒரு சத்தம். பிரேக்கம்மாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்த சத்தம். மகள் திரும்பினாள், அப்படியே உறைந்துபோனாள். வெறும் தகட்டில் விழுந்த அடி முழங்காலில் சுரீரென்று ஏறியது. அடுத்த கணமே அவள் கை லிவரைப் பிடித்து மேலே இழுத்தது. பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி உதறி, குலுங்கி, ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றது. எஞ்சின் அணைந்துபோனது.

வேன்காரர் இவர்களைப் பார்க்காமலேயே முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

விற்பனையாளரின் டை தோளுக்கு மேல் போயிருந்தது.

"அம்மா," என்றாள் மகள். குரல் அவளுடையதாகவே இல்லை. "உன் கால்…"

"ஒண்ணுமில்ல. வலிக்குது, அவ்வளவுதான்."

"அதில்லம்மா. உன் கால் முன்னாடியே போயிடுச்சு. நான் வேனைப் பாக்கறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுது. சத்தத்தைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன்."

"ஆமா மேடம்," என்றார் விற்பனையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "முதல்ல டம்முன்னுது. அப்புறம்தான் நானே வேனைப் பாத்தேன்."

பிரேக்கம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பத்து நாளாக அந்நியமாகத் தெரிந்த கால். தகட்டின்மேல் பாதம் முழுசாக ஊன்றி, அழுத்திக்கொண்டே இருந்தது. வலி விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அது அவள் கால்தான். லேட்டே இல்லை.

முதலில் அவளுக்கு அழுகை வந்தது. அது கண்ணுக்கு வருவதற்குள் இன்னொரு நினைப்பு வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது.

"அப்ப அன்னைக்கு ஏன் வண்டி நிக்கல?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. பின்சீட்டில் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். யாருக்காவது பார்வை மோசமாகியிருந்தால், அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் துடைக்கிற துடைப்பு அது. முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியும்.

"நீங்க காபி கேட்டதுக்கு முன்னால," என்றாள் விற்பனையாளரிடம், திரும்பாமலே, "பழைய வண்டின்னு என்னமோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்க."

"அது ஒண்ணுமில்ல மேடம். சார் போன மாசம் பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் கேட்டாரு. ரெண்டாவது பெடல் இருந்தா எங்காளு எடுக்க மாட்டாருன்னேன். கழட்டிக் கொண்டு வரேன்னாரு. திங்கக்கிழமை மத்தியானம் வர்றதா பேச்சு, அப்புறம் வரவே…" சொல்லிக்கொண்டே வந்தவர் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாவம், அவருக்கு எதுவுமே தெரியாது.

"கழட்டினீங்களா?" என்றாள் பிரேக்கம்மா.

"முழுசா இல்ல," என்றார் கணவர்.

"முழுசா இல்லன்னா?"

"ஞாயித்துக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தப்ப மெக்கானிக் வந்தான். கம்பியைப் பெடலோட கோக்கற 'பின்'னை மட்டும் உருவினான். பெடலை மறுநாள் வந்து பிரிக்கறேன்னான். திங்கக்கிழமை உனக்குச் சாயங்காலம்தானே கிளாஸ்? அதுக்குள்ள வண்டியே மாறியிருக்கும். புதுசைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டுச் சொல்லிக்கலாம்னு…"

"பார்லர்காரம்மா கிளாஸைக் காலைக்கு மாத்தினா."

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் கடையில இருந்தேன்."

வண்டியை எடுக்கும் முன் தன் பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்ப்பது பிரேக்கம்மாவின் வழக்கம். அன்றும் மிதித்துப் பார்த்தாள். ஸ்பிரிங் இருந்ததால் அது சமர்த்தாக இறங்கி எழுந்தது. அந்தப் பக்கத்துப் பெடல் கூட இறங்குகிறதா என்று மட்டும் அன்று பார்க்கவில்லை. பார்லர்காரம்மா ஏற்கெனவே உட்கார்ந்து சேலையால் காலை மூடியிருந்தாள். சுவருக்கு முன்னால் பிரேக்கம்மா மிதித்த மிதி, எதோடும் சேராத ஒரு இரும்புத் துண்டின்மேல் போய் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

"இடிச்ச அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

கணவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சுக்கிட்டே முட்டி லேட்டுன்னீங்க. மூளை சொல்லும், முட்டி கேக்காதுன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. வண்டியை நான் பாத்துடக் கூடாதுன்னு இரும்புக்குப் போட்டீங்க."

"பயந்துட்டேன். சொன்னா நீ என்ன பண்ணுவியோன்னு. அப்புறம் நாளாக ஆக, எப்படிச் சொல்றதுன்னு…"

"பத்து நாள்! பத்து நாளா என் காலை நானே திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். ராத்திரி தூக்கத்துல இந்தக் காலை அடிச்சேன், தெரியுமா உங்களுக்கு? பக்கத்துல படுத்திருந்தீங்களே, தெரியும். 'தைலம் தேய்க்கட்டுமா'ன்னு கேட்டீங்க. வாய் கூசல உங்களுக்கு?"

அவள் கத்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் கற்றுக்குட்டியிடமும் கத்தாத கத்தல். கண்ணாடியெல்லாம் மூடியிருந்ததால் அது வெளியே போகவும் வழியில்லாமல் நான்கு பேர் காதிலும் அடித்தது.

மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"நான் சொன்ன எக்ஸ்ரேயை வெச்சா இதை மூடினீங்க?"

"இல்லடா, அது…"

"என் சத்தியத்தை உடைச்சு உங்ககிட்ட குடுத்தேம்பா. நீங்க அதை எடுத்துப் போத்திக்கிட்டீங்க." "இனிமே என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

விற்பனையாளர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தே போய்விடலாமா என்று யோசித்தார். கதவு இருந்தது சாக்கடைப் பக்கம்.

"ஒண்ணா ரெண்டான்னு காலையிலிருந்து கேட்டீங்களே," என்றாள் பிரேக்கம்மா. இப்போது குரல் இறங்கியிருந்தது. அது இறங்கியபோதுதான் கணவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. "ரெண்டு. ரொம்பத் தெளிவா இருக்கு."

பிறகு மகளின் தோளைத் தொட்டாள்.

"இறங்கு. இந்தப் பக்கம் வா. நான் ஓட்டறேன்."

*

"மேடம், டெஸ்ட் டிரைவ் ரூட் இது இல்ல," என்றார் விற்பனையாளர் இரண்டாவது சிக்னலில்.

"தெரியும். வண்டியை நாந்தான் எடுக்கறேன், என் பேர்ல எழுதிக்குங்க. ரெண்டு பெடல் வெச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வீடு வரைக்கும் போகணும்."

"எந்த வீடு?" என்றார் கணவர். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகள் பக்கத்து சீட்டில் அம்மாவின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிரேக்கில் அது வைக்கிற அழுத்தமும் எடுக்கிற விதமும், வண்டியில் இருப்பவர்களுக்கே தெரியாமல் நடந்தன. படத்தில் வெள்ளையும் கறுப்புமாகத் தெரிந்த மூட்டு இதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

பார்லர் மூடியிருந்தது. கதவில் 'கை சரியானதும் திறக்கும்' என்று இடது கையால் எழுதின கோணல் எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. பிரேக்கம்மா அதற்கு நேர் எதிரில் வண்டியை நிறுத்தி, லிவரை இழுத்துப் போட்டாள். கடைக்கு மேலே வீடு. பக்கவாட்டில் படி, படி முடிவில் கதவு, பக்கத்தில் அழைப்பு மணி.

"இறங்குங்க," என்றாள்.

"நாளைக்கு வரேனே. என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டு…"

"யோசிக்கத்தான் பத்து நாள் இருந்துச்சே."

"நீயும் கூட வா. ரெண்டு பேருமா சொல்லலாம்."

"போன வாரம் நான் தனியாத்தான் போனேன். அந்தப் படியில நின்னு, தப்பு என்னுதுன்னு சொன்னேன். அவ கட்டுப் போட்ட கையோட என்னை உக்காரச் சொன்னா. 'பரவால்லம்மா, வயசாச்சுல்ல'ன்னா." பிரேக்கம்மா நிறுத்தி, மூச்சு வாங்கினாள். "நான் சொன்ன அந்த வார்த்தை எனக்குத் திரும்ப வேணும். போய் வாங்கிட்டு வாங்க."

கணவர் இறங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போனவர், அவள் பார்ப்பதைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார். ஒவ்வொரு படியாக ஏறினார். பதினான்கு படி. மேலே போய் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மணி அடித்தார்.

"என்னன்னு சொல்வாரும்மா?" என்றாள் மகள். "உண்மையைச் சொல்வாரா?"

"தெரியல."

பிரேக்கம்மா கண்ணாடியை இறக்கினாள். அவள் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டி நின்று எவ்வளவோ நேரமாகியும் எடுக்கவில்லை. மேலே, பழக்கமில்லாத கை ஒன்று தாழ்ப்பாளை இழுக்கத் திணறுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. கணவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், உள்ளேயிருந்து பார்லர்காரம்மாவின் குரல் கீழேவரை கேட்டது.

"வாங்க சார். அம்மா கால் எப்படி இருக்கு?"